மல்லாக்கப் போட்டால் விழிக்கிறது, குப்புறப் போட்டால் தூங்குகிறது: கைக்குழந்தையை எப்படிப் படுக்கவைப்பது?

கேள்வி இது: குழந்தைக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. மல்லாக்கப் போட்டால் கையை உதறிக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை விழித்துவிடுகிறது. குப்புறப் போட்டால் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குகிறது. பால் அடிக்கடி கக்குகிறது. மல்லாந்து கிடக்கும்போது புரையேறிவிடுமோ என்று பயம். பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகிறது. ஒருக்களித்துப் போட்டு முதுகுக்குத் துண்டைச் சுருட்டி அணை கொடுத்தால் எல்லாமே சரியாகிவிடாதா? பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் பகலிலாவது குப்புறப் போடலாமா?

பதில்: ஒரு வயது முடியும்வரை, பகலோ இரவோ, படுக்கவைக்கும்போது மல்லாக்கத்தான். ஒருக்களிப்பதும் வேண்டாம். இதை ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். அப்படியும் கேள்வி மிச்சமிருக்கிறது என்றால், விதியைச் சொன்னவர்கள் காரணத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். குப்புறப் போடுவதற்கு நீங்கள் சொல்லும் காரணம் ‘அசையாமல் தூங்குகிறது’ என்பது. குப்புறப் போடக்கூடாது என்பதற்கும் அதுதான் காரணம்: குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்து அதில் இருக்கிறது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குப்புறக் கிடக்கும் குழந்தை ஆழ்ந்து தூங்குகிறது என்பது பிரமை அல்ல. தூக்க ஆய்வகங்களில் ஒரே குழந்தையை இரண்டு நிலையிலும் தூங்கவிட்டு, மூக்குத் துவாரத்தில் மெல்லிய காற்றை ஊதி, எவ்வளவு வேகத்தில் ஊதினால் விழிக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். குப்புறக் கிடக்கும்போது எழுப்புவது கடினமாக இருந்தது. ஒரு காரணம் எளிதில் தெரிவது. திடீரெனத் தலை தாழ்ந்தாலோ சத்தம் கேட்டாலோ பச்சிளங்குழந்தை இரு கைகளையும் விரித்து உதறி, பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு மோரோ அனிச்சை என்று பெயர். மல்லாந்து கிடந்தால் கைகள் தடையின்றி வீசும், அந்த வீச்சே குழந்தையை எழுப்பிவிடும். குப்புறக் கிடந்தால் கைகள் உடம்புக்கும் மெத்தைக்கும் இடையில் அகப்பட்டு, உதறல் பாதியிலேயே அடங்கிவிடும்.

எளிதில் விழிப்பது குழந்தையின் பாதுகாப்புக் கருவி. தூக்கத்தில் மூச்சு தடைபட்டு ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால், மூளைத்தண்டு, அதாவது மூச்சையும் விழிப்பையும் ஆளும் மூளையின் அடிப்பகுதி, ஒரு வரிசையில் வேலை செய்யும். முதலில் ஒரு பெருமூச்சு. அதோடு உடல் லேசாகத் துணுக்குறும். தலை திரும்பும். அதுவும் போதாவிட்டால் முழு விழிப்பு, அழுகை. பெரியவர்கள் போர்வைக்குள் மூச்சு முட்டும்போது தூக்கத்திலேயே முகத்தை வெளியே நீட்டுவது போலத்தான். குப்புற நிலை இந்த வரிசையின் முதல் படியையே மந்தமாக்குகிறது.

மந்தமாக்குவதோடு நிற்பதில்லை, தேவையையும் கூட்டுகிறது. முகம் மெத்தைக்கு அருகில் இருப்பதால் வெளிவிட்ட காற்று மூக்கைச் சுற்றியே தேங்கும். குழந்தை அதையே மறுபடி உள்ளிழுக்கும். மெத்தை எவ்வளவு மிருதுவோ அவ்வளவு பெரிய தேக்கம். அடுத்தது வெப்பம். உடம்பெல்லாம் துணி சுற்றிய குழந்தை அதிகமாகச் சூட்டை வெளியேற்றுவது முகத்தாலும் தலையாலும்தான். முகம் மெத்தையில் பதிந்தால் அந்த வழி அடைபடும். உடம்பு சூடானால் விழிப்பு இன்னும் மந்தமாகும். மூன்றாவது அவ்வளவாகப் பேசப்படாதது: குப்புறத் தூங்கும்போது ரத்த அழுத்தமும் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் அளவும் சற்று இறங்குவதை, நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளிடமே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

சிட்ஸ் எனப்படும் திடீர்ச் சிசு மரணம், பார்க்க நலமாக இருக்கும் குழந்தை தூக்கத்தில் இறந்துபோவது. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் அகப்படாது. இதில் ஏறத்தாழ 90 சதவீதம் ஆறு மாதத்துக்குள் நிகழ்கிறது; உச்சம் இரண்டிலிருந்து நான்காம் மாதம் வரை. உங்கள் குழந்தை இப்போது அந்த இடைவெளியின் நடுவில் இருக்கிறது. பிறந்தபோது இருந்த அனிச்சைகள் மங்கத் தொடங்கி, தானாக யோசித்துத் தலையைத் தூக்கித் திருப்பும் திறமை இன்னும் முழுதாக வராத காலம் இது.

எல்லாக் குழந்தைக்கும் இது நேராதே, அப்புறம் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தோன்றலாம். 1994இல் ஃபிலியானோ, கின்னி என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்தான் இன்றும் பெரிதும் ஏற்கப்படுவது. மூன்று விஷயம் ஒரே நேரத்தில் சேர வேண்டும்: குழந்தையிடம் உள்ளூர ஒரு பலவீனம், வளர்ச்சியின் ஆபத்தான வயது, வெளியிலிருந்து ஒரு நெருக்கடி. இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில், மூச்சையும் விழிப்பையும் ஆளும் செரோடோனின் என்ற நரம்புவேதிப்பொருளின் அமைப்பில் கோளாறு இருந்ததைப் பின்னர் கண்டார்கள். அந்தப் பலவீனம் எந்தக் குழந்தையிடம் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல எந்தச் சோதனையும் இல்லை. வயதை நிறுத்திவைக்கவும் முடியாது. நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டும், அதில் முதலிடம் படுக்கும் நிலைக்கு. ‘மூத்தது குப்புறப் படுத்தே வளர்ந்தது’ என்பதில் பொய்யில்லை. அந்தக் குழந்தையிடம் மூன்றும் சேரவில்லை, அவ்வளவுதான்.

குப்புறப் போடச் சொன்னதே ஒரு காலத்தில் மருத்துவர்கள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950களிலிருந்து மேற்கு நாடுகளின் குழந்தை வளர்ப்பு நூல்கள் பல, வாந்தி தொண்டையில் சிக்காமலிருக்கக் குப்புறப் படுக்கவைக்கும்படி எழுதின. அனுமானத்தில் எழுதியது அது. யாரும் அளந்து பார்க்கவில்லை. எண்பதுகளில் கணக்கெடுத்தபோது நேர்மாறாக இருந்தது. நெதர்லாந்து 1987இல் குப்புறப் போடுவதற்கு எதிராக அறிவுறுத்தத் தொடங்கியது. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் 1991இல் பிரசாரம் நடந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல் பரிந்துரையை மாற்றியது, 1994இல் நாடு தழுவிய இயக்கம் வந்தது. அமெரிக்காவில் 1992இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 120ஆக இருந்த சிட்ஸ் மரணம் 2001இல் 56ஆகக் குறைந்தது. புதிய மருந்தோ கருவியோ எதுவும் இல்லாமல், குழந்தையைத் திருப்பிப் போட்டதால் பெரும்பகுதி நடந்த மாற்றம் இது. புரையேறி இறப்பது இதனால் கூடவும் இல்லை.

புரையேறும் பயம் சாதாரணமாகப் போகாது. உடற்கூறைக் கண்முன் நிறுத்திப் பார்த்தால்தான் போகும். நிற்கும் நிலையில் கழுத்தில் முன்புறம் இருப்பது மூச்சுக்குழல். முன்கழுத்தில் விரல் வைத்தால் வளையம் வளையமாகத் தட்டுப்படுமே, அது. உணவுக்குழல் அதன் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. குழந்தையை மல்லாக்கப் போட்டால் முன்னால் இருந்தது மேலே வரும்: மூச்சுக்குழல் மேல், உணவுக்குழல் கீழ். எதுக்களித்து வரும் பால் கீழ்க் குழாயிலேயே தேங்கும்; மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். இப்போது குப்புறத் திருப்புங்கள். உணவுக்குழல் மேலே போய், மூச்சுக்குழலின் வாய் கீழே வந்துவிடும். கக்கிய பால் நேராக அதன் வாசலில் வந்து நிற்கும். பயந்து செய்யும் மாற்றம் பயந்ததற்கே வழி திறந்துவிடுகிறது.

மல்லாந்து கிடக்கும் குழந்தை கக்கியதும் இருமி, கமறி, முகம் சிவந்து, விழுங்கிவிட்டு அமைதியாவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கப் பதறுகிறது, ஆனால் அது பாதுகாப்பு அனிச்சை சரியாக வேலை செய்யும் காட்சி. பால் கக்குவதைக் குறைக்க வேண்டுமானால் படுக்கும் நிலையில் கைவைக்காமல் பாலூட்டும் முறையில் மாற்றுங்கள். ஒரே மூச்சில் வயிறு நிறையக் கொடுக்காமல் சிறிது சிறிதாகக் கொடுப்பது, நடுவிலும் முடிவிலும் ஏப்பம் விடச் செய்வது, கொடுத்தபின் 20 முதல் 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருப்பது. இதில் மூன்றாவதுதான் நிறைய வீடுகளில் தவறிப்போகிறது. பால் குடித்த களைப்பில் குழந்தை தூங்கியதும் கீழே போட்டுவிடுகிறார்கள். மெத்தையின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைப்பதால் கக்குவது குறைவதில்லை. குழந்தை சரிந்து கால்மாட்டில் போய்ச் சுருண்டுகொள்ளும், மோவாய் நெஞ்சில் குத்தும், மூச்சுக்குழல் மடங்கும்.

பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம் கலந்த வாந்தி, ஒவ்வொரு முறையும் பீச்சியடிக்கும் வாந்தி, எடை ஏறாமை, கக்கும்போது நீலம் பாய்வது அல்லது மூச்சு நிற்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் படுக்கும் நிலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்; மருத்துவரிடம் போங்கள். குப்புறப் படுக்கவைக்க மருத்துவரே சொல்லும் நோய்கள் உண்டு. குரல்வளைக்கும் உணவுக்குழலுக்கும் நடுச்சுவர் பிளந்திருப்பது போன்ற, மூச்சுப்பாதையின் காப்பு அனிச்சையே கெட்ட அரிய நிலைகள் அவை. சாதாரணமாகப் பால் கக்கும் குழந்தை அந்தக் கணக்கில் வராது.

இனி ஒருக்களிப்பது. நடுவழி என்று தோன்றுவதால் அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதுதான். என் கணிப்பில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். மூன்று மாதக் குழந்தையின் உடலமைப்பைப் பாருங்கள்: தலை பெரிது, வயிறு உருண்டை, தோள் குறுகல். பக்கவாட்டில் வைத்தால் தரையைத் தொடுவது ஒரு மெல்லிய கோடு. பென்சிலை விளிம்பில் நிறுத்தியது போல. ஒரு கால் உதைத்தால் போதும், ஒன்று மல்லாக்க விழும், இல்லை குப்புற விழும். மல்லாந்து கிடக்கும் குழந்தை குப்புற விழுவதைவிட ஒருக்களித்துக் கிடக்கும் குழந்தை குப்புற விழுவது மிக எளிது. விழுந்த கை அடியில் சிக்கிக்கொண்டால் திரும்பவும் முடியாது. அமெரிக்கச் சங்கம் முதலில் ஒருக்களிப்பதை அனுமதித்திருந்தது; 2005இல் அதையும் பாதுகாப்பற்றது என்று சேர்த்தது.

முதுகுக்கு வைத்த துண்டு பின்னால் உருள்வதைத்தான் தடுக்கும். பின்னால் உருண்டால் மல்லாக்கப் போயிருக்கும், நல்லது. அந்த நல்ல வழியை அடைத்துவிட்டு முன்பக்கத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறீர்கள். இருபுறமும் அணை வைத்தால் முகத்துக்கு எதிரே ஒரு துணிச்சுருள் வந்து உட்காரும். குழந்தையை ஒரே நிலையில் நிறுத்திவைக்கும் ஆப்பு, வளையம், மெத்தைத் திண்டு என்று விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எப்போதும் மல்லாக்கத் தூங்கிய குழந்தை ஒருநாள் முதல்முறையாகக் குப்புறத் தூங்கும்போது ஆபத்து, வழக்கமாகக் குப்புறத் தூங்கும் குழந்தையைவிடப் பல மடங்கு அதிகம். பழகாத கழுத்து, முகத்தை மெத்தையிலிருந்து விடுவிக்கத் தெரியாது. ஆகவே ‘இரவெல்லாம் மல்லாக்கத்தான், பகலில் ஒரு தூக்கம் மட்டும் குப்புற’ என்ற ஏற்பாடு பாதி ஆபத்து அல்ல. சில நேரம் இரட்டிப்பு.

பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டால்? சிட்ஸில் குழந்தை திணறாது, அழாது, கைகால் அடிக்காது. அசையாமல் தூங்குகிறது என்று நீங்கள் நிம்மதியாக நினைக்கும் தோற்றத்துக்கும் அதற்கும் வெளியே வித்தியாசம் தெரியாது. விழித்திருக்கும் பெரியவரின் மார்பில், முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு திறந்திருக்கக் குழந்தை கொஞ்ச நேரம் கண்ணயர்வது வேறு; அங்கே உங்கள் மூச்சும் கையும் அதோடு இருக்கின்றன. ஆனால் உங்களுக்குத் தூக்கம் தள்ளுகிறதென்றால் சோஃபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். குழந்தையோடு பெரியவர் தூங்கும் இடங்களிலேயே மிக மோசமானது சோஃபா; பின்திண்டுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முகம் புதைந்துவிடும். மூச்சையும் ஆக்சிஜனையும் கண்காணிப்பதாக விற்கப்படும் காலுறை, மெத்தைத் தட்டு வகைக் கருவிகள் சிட்ஸைக் குறைத்ததாக இதுவரை காட்டப்படவில்லை. அவற்றை நம்பி நிலையை மாற்றுவது தவறு.

சரி, மல்லாக்கவே போட்டு எப்படித் தூங்கவைப்பது? பெரும்பாலும் கோளாறு, கீழே வைக்கும் அந்தப் பத்து விநாடியில் இருக்கிறது. கையில் இருக்கும் குழந்தையைத் தலைப்பக்கமாகத் தாழ்த்தினால் உள்காது அதை விழுவதாக உணரும், கை உதறும். எனவே முதலில் பாதம் மெத்தையைத் தொடட்டும், பிறகு பிட்டம், பிறகு முதுகு, கடைசியாகத் தலை. தலையைத் தாங்கிய கையை உடனே உருவாதீர்கள். மற்றக் கையை நெஞ்சின் மேல் லேசாக வைத்து, குழந்தையின் இரு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மூச்சு சீராகும்வரை பொறுத்து, பிறகு தலைக்கடியில் உள்ள கையை மெல்ல எடுங்கள். நெஞ்சுக் கையைக் கடைசியில்.

துணியில் சுற்றிவைப்பதும் உதறலை அடக்கும், நிபந்தனைகளோடு. மெல்லிய துணியாக இருக்க வேண்டும். நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். துணி தோளுக்கு மேல் ஏறக்கூடாது. இடுப்புக்குக் கீழே தளர்வாக விட்டு, தவளைபோல் தொடை அகன்று மடங்க இடம் வேண்டும். காலை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு சரியாக உருவாகாமல் போகலாம். சுற்றிய குழந்தையை எந்நேரமும் மல்லாக்க மட்டுமே போட வேண்டும். புரள முயலும் முதல் அறிகுறி தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். கை கட்டப்பட்ட குழந்தை குப்புற விழுந்தால் தப்ப வழியில்லை. பெரும்பாலும் இது மூன்று, நான்கு மாதத்தில் வரும், சில குழந்தைகளிடம் இன்னும் முன்னால். உங்கள் குழந்தையின் வயதில் இனிமேல் புதிதாகச் சுற்றப் பழக்காமல் இருப்பதே நல்லது என்பேன். எடை தைத்த தூக்கப் பைகள் எந்த வயதிலும் வேண்டாம்.

இன்னொரு விஷயம் எதிர்பார்ப்பைப் பற்றியது. இந்த வயதுத் தூக்கச் சுற்று 50 முதல் 60 நிமிடம்தான். அதில் கணிசமான பகுதி ‘துடிப்பான தூக்கம்’: கண்ணிமை ஆடும், முனகும், சிரிக்கும், கையை உதறும், சில நேரம் கண்ணைக்கூடத் திறக்கும். அதை விழிப்பென்று நினைத்து உடனே தூக்கினால், தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பியவர் நீங்களாகிறீர்கள். அழுகை உறுதியாகும்வரை ஒன்றிரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.

நிலை சரியாக இருந்தாலும் படுக்கை கெட்டால் பயனில்லை. உள்ளங்கையால் மெத்தையை அழுத்தி எடுங்கள். பள்ளம் உடனே மறைய வேண்டும். நினைவு நுரை (மெமரி ஃபோம்) மெத்தைகள் இந்தச் சோதனையில் தோற்பவை. மெத்தைக்கும் தொட்டில் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இறுக்கமாகப் பொருந்தும் ஒரு விரிப்பு, அதன்மேல் குழந்தை. தலையணை, தொட்டில் ஓரத் திண்டு, பொம்மை, போர்வை எதுவும் இல்லை. காலி தொட்டில் பார்க்க அநாதையாகத் தெரியும். குழந்தைக்கு அப்படித் தெரியாது.

தட்டையாக இருக்க வேண்டும் என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் பின்மண்டை புடைத்தது, கழுத்துத் தசை வலுவற்றது. சாய்வான இருக்கையில் தூங்கினால் தலை முன்னால் விழுந்து மோவாய் நெஞ்சில் இடிக்கும்; சுருங்கிய குழாயில் ஓசையின்றி மூச்சு அடைபடும். சாய்வுத் தொட்டில்களில் நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு அமெரிக்கா 2022இல் சட்டம் இயற்றி, 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைத் தூக்கக் கருவிகளையும் தொட்டிலின் உட்சுவரில் கட்டும் திண்டுகளையும் தடை செய்தது. காரில் போகும்போது கார் சீட்டில் தூங்கினால் தூங்கட்டும், பட்டை சரியாக மாட்டியிருக்கட்டும். இறங்கியதும் ‘எழுந்துவிடுமே’ என்று சீட்டோடு வீட்டுக்குள் வைக்காதீர்கள். எடுத்துத் தட்டையாகப் படுக்கவையுங்கள்.

மற்றக் காரணிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் புகைபிடித்தலும் பிறந்தபின் வீட்டில் புகையும், படுக்கும் நிலைக்கு அடுத்த பெரிய ஆபத்து. தாய்ப்பால் பாதுகாப்பு, இரண்டு மாதம் கொடுத்தாலே ஆபத்து குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. தூங்கப்போகும்போது பேசிஃபையர் (குழந்தை சப்பும் ரப்பர் காம்பு) கொடுப்பதும் ஆபத்தைக் குறைக்கிறது. தாய்ப்பால் ஊட்டல் நிலைபெற்ற பிறகு தொடங்குங்கள், தூக்கத்தில் விழுந்துவிட்டால் மறுபடி திணிக்க வேண்டாம், கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டாம். வெப்பத்துக்கு: உங்களுக்கு வசதியான உடையைவிட ஓர் அடுக்கு கூடுதல் போதும், வீட்டுக்குள் தொப்பி வேண்டாம். கைகால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள், வியர்வை இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில்.

பின்மண்டை தட்டையாவது மல்லாக்கப் படுப்பதன் உண்மையான விலை. 1992க்குப் பிறகு இது கூடியது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்குத் தீர்வு, விழித்திருக்கும் நேரத்தில் இருக்கிறது. மல்லாந்து கிடக்கும் பச்சிளங்குழந்தைகளில் பெரும்பாலானவை தலையை வலப்பக்கம் திருப்பிவைத்துக்கொள்ளவே விரும்பும். கருப்பையில் இருந்த நிலையோடும் இதற்குத் தொடர்புண்டு. எப்போதும் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்க எலும்பு தட்டையாகும். தட்டையானபின் தலை அந்தத் தட்டையில்தான் உட்காரும். சுழல் அது. உடைக்கும் வழி, தொட்டிலில் தலைமாட்டையும் கால்மாட்டையும் நாள்விட்டு நாள் மாற்றிப் போடுவது. குழந்தை வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் நோக்கித் திரும்பும். படுக்கையின் திசை மாறினால் தலை திரும்பும் பக்கமும் தானாக மாறும். தூங்கியபின் தலையை மெல்ல மறுபக்கம் திருப்பி விடலாம். ஒவ்வொரு முறையும் பால் கொடுக்கும் கையை மாற்றுங்கள்.

பகலில், விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது, குப்புறப் போட வேண்டும். ஆம், இப்போது குப்புறத்தான். பிறந்து சில நாளிலிருந்தே இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். ஏழாவது வாரத்துக்குள் நாளுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வர வேண்டும். பால் குடித்த உடனே வேண்டாம். தரையில் விரிப்புப் போட்டு, முழங்கைகள் தோளுக்கு நேர் கீழே வருமாறு மடக்கி வையுங்கள். கை பக்கவாட்டில் விரிந்து கிடந்தால் தலையைத் தூக்க ஊன்றுகோல் கிடைக்காது, அழும். அழுவதால் ‘பிடிக்கவில்லை’ என்று விட்டுவிடுவது பலரும் செய்வது. பிடிக்காததல்ல, கை வைத்த இடம் தப்பு. அப்படியும் தாங்காவிட்டால் நெஞ்சுக்கடியில் சிறிய துணிச்சுருள் வைத்து முகத்துக்கு நேரே நீங்களும் தரையில் படுத்துப் பேசுங்கள். தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்பிப் போடுங்கள்.

தட்டையை மேலிருந்து பார்க்கப் பழகுங்கள். தட்டையான பக்கத்துக் காது சற்று முன்னால் தள்ளி, அதே பக்க நெற்றியும் முன்வந்து, தலை இணைகரம்போலத் தெரிந்தால் அது படுத்ததால் வந்தது. பெரும்பாலும் தலை நிமிர்ந்து உட்காரும் வயதில் குறைந்துவிடும். காது பின்னால் இழுபட்டிருந்தால், எலும்பு சேரும் இடத்தில் மேடு தட்டினால், தலையே வளராததுபோல் இருந்தால், மண்டையோட்டுத் தையல்கள் (எலும்புகள் சேரும் இணைப்புகள்) முன்கூட்டியே மூடிக்கொண்டனவா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். குழந்தையால் ஒரு பக்கம் தலையைத் திருப்பவே முடியவில்லை என்றால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். டார்டிகோலிஸ் என்பார்கள், சீக்கிரம் பிசியோதெரபி தொடங்கினால் நன்றாகச் சரியாகும். நடுவில் குழிவிட்ட ‘தலை வடிவத் தலையணை’ வேண்டவே வேண்டாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குப்புறத்தானே போட்டிருந்தார்கள்? நுரையீரல் முதிராத குழந்தைக்கு அந்த நிலையில் மூச்சு எளிதாகிறது, இருபத்து நான்கு மணி நேரமும் கருவி பொருத்தியிருக்கிறார்கள். உடல்நிலை சீரான குழந்தையைக் கர்ப்பக் கணக்கில் 32 வாரத்திலிருந்தே மல்லாக்கப் பழக்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் பரிந்துரை. வீட்டுக்கு வந்தபின் குறைமாதக் குழந்தைகளுக்குச் சிட்ஸ் ஆபத்து அதிகம் என்பதால் விதி இன்னும் கண்டிப்பு.

தானாகப் புரளத் தொடங்கினால் என்ன செய்வது? குப்புறக் கிடந்து மல்லாக்கத் திரும்புவது நான்கு மாதத்தை ஒட்டியும், மல்லாக்கிலிருந்து குப்புற விழுவது ஐந்தாறு மாதத்திலும் வருவது வழக்கம். இரண்டு பக்கமும் சிரமமின்றித் திரும்பத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் தானே குப்புற விழுந்தால் அப்படியே விடலாம். இரவெல்லாம் எழுந்து திருப்ப வேண்டியதில்லை. படுக்கவைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்க. ஒரு பக்கம் மட்டுமே புரளத் தெரிந்த இடைக்காலத்தில் பார்க்கும்போதெல்லாம் திருப்பிப் போடுங்கள், பகலில் தரையில் விட்டு மறுபக்கம் திரும்பப் பழக்குங்கள்.

கடைசியாக, நீங்கள் இல்லாத நேரம். மூத்தவர்கள் தங்கள் குழந்தைகளை வளர்த்த காலத்தில் குப்புறப் போடுவதே சரியென்று மருத்துவமனையிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம். அவர்கள் அறியாமையால் செய்வதில்லை, பழைய பாடத்தைச் செய்கிறார்கள். புதிதாகப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த முதல் வாரம் ஆபத்து கூடுவதற்குப் பழகாத குப்புற நிலையும் ஒரு காரணம். ஆகவே குழந்தையை ஒப்படைக்கும்போது ‘மல்லாக்கப் போடுங்கள்’ என்று மட்டும் சொன்னால் அது உங்கள் விருப்பம்போலக் கேட்கும். ‘குப்புறப் படுத்துப் பழக்கமே இல்லை, ஒருக்களித்தும் போட வேண்டாம், அழுதால் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், தூங்கியதும் மல்லாக்கக் கீழே வையுங்கள்’ என்று முழுதாகச் சொல்லி, எங்கே படுக்கவைப்பார்கள் என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.